காளைக்கன்றுக்குக் கழிச்சல்

எங்கள் ஜெர்சிப் பசு இந்த முறை காளைக்கன்று போட்டது. ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை. குறிப்பேட்டில் அன்று நான் எழுதியது இவ்வளவுதான்: "கன்று போட்டது. காளை."

எதையும் எழுதி வைக்கும் பழக்கம் பால் சொசைட்டி வேலையால் வந்தது. காலை ஐந்தரை முதல் எட்டு வரை எங்கள் ஊர் சொசைட்டியில் பால் சோதிக்கிறேன். யார் வீட்டுப் பால், எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு என்று வரிசையாக எழுத வேண்டும். மாலையில் தியாகதுருகம் வழியாக பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சிக்குப் போய், மாலை வகுப்பில் பொருளாதாரம் படிக்கிறேன். இரண்டாம் ஆண்டு.

கன்று பிறந்ததிலிருந்து வந்த பதினெட்டு இருபது நாட்களையும் இப்போது வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். அப்படி எழுதினால் எந்த இடத்தில் தவறினேன் என்று தெரியும் என நினைத்தேன். ஒரு இடம் என்று குறித்துச் சொல்ல முடியவில்லை.

கிடாரிக்கன்று என்றால் எங்கள் வீட்டில் ஒரு காம்பை அதற்கென்று விட்டுவிடுவார்கள். காளைக்கன்றுக்கு அது கிடையாது. கறக்கும் முன் ஒரு நிமிடம் ஊட்டவிடுவார்கள். பசு பாலைச் சுரந்ததும் கன்றை இழுத்துப் போய் வைக்கோல் போருக்குப் பின்னால் கட்டிவிடுவார்கள். கறந்து முடித்த மடியில் மிச்சம் இருந்தால் அதற்கு. பெரும்பாலும் மிச்சம் இருக்காது. யாரும் அடிப்பதில்லை, கொல்வதும் இல்லை. இருபது முப்பது நாளில் அது தானாகப் போய்விடும்.

நான் ஒருமுறை கேட்டேன். அம்மா மடியில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டே, "ஏர் ஓட்டப் போறமா இன்னா? டிராக்டர் வந்து உழுதுட்டுப் போவுது. இதுக்குப் பால வுட்டுட்டு சொசைட்டிக்கு இன்னாத்த ஊத்தறது? உன் பஸ்ஸுக்கும் பீஸுக்கும் மடியிலேர்ந்துதான் வருது, தெரியுமில்ல?" என்றாள். இழுத்துக் கட்டும் வேலை பாதி நாள் என்னுடையதுதான்.

பதின்மூன்றாம் நாள், ஞாயிறு. சுஐப் என் நோட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தான். என் வகுப்புதான். அவன் அத்தா பக்கீர் முகமது கள்ளக்குறிச்சியில் கறிக்கோழிக் கடை வைத்திருக்கிறார். பகலில் சுஐப் டி.வி.எஸ். வண்டியில் கோழிகளைத் தியாகதுருகம் வரை ஓட்டல்களுக்கும் சின்னக் கடைகளுக்கும் கொண்டுபோய்க் கொடுப்பான். மாலையில் குளித்துவிட்டு வகுப்புக்கு வருவான். அப்படியும் எங்கள் வகுப்பு ஆகாஷ் மூக்கைப் பிடிப்பான்.

நோட்டைக் கொடுத்துவிட்டு வண்டியைத் திருப்பும்போது வைக்கோல் போருக்குப் பின்னால் கன்றைப் பார்த்துவிட்டான்.

"மொழி!" என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். "இன்னா இது, எலும்பெல்லாம் தெரியுது? ஏந்திரிக்கவே மாட்டுது?"

"கழிச்சல்," என்றேன். யோசிக்கவே இல்லை, வாயில் வந்துவிட்டது.

"அடப்பாவமே. எத்தினி நாளா?"

"மூணு நாளா."

அவன் குந்தி, கன்றின் காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டான். அது அவன் விரலைச் சப்பத் தொடங்கியது. "டேய், அதுல ஒண்ணும் வராதுடா," என்று சிரித்தான். பிறகு என்னைப் பார்த்து, "தேறிடுச்சுன்னா சொல்லு. அத்தா நாட்டுக்கோழி வாங்க வெள்ளிமலை சந்தைக்குப் போவாருல்ல, மலையில டிராக்டர் ஏறாத கொல்லை நெறைய கீது. இன்னும் மாட்ட வச்சிதான் ஓட்டினுகீறாங்க. காளைக்கன்னு கேப்பாங்க. ஆனா புல்லு கடிக்கற அளவுக்கு வந்திருக்கணும்," என்றான்.

அன்று குறிப்பேட்டில் எழுதினேன்: "சுஐப் வந்தான். கன்று: கழிச்சல்." யாரும் படிக்காத குறிப்பேடு. அதிலும் அப்படித்தான் எழுதினேன்.

புதன்கிழமை வகுப்பில் விவாத மேடை. தலைப்பைச் சிவசங்கர் சார் இரண்டு வாரம் முன்பே கொடுத்திருந்தார்: பண்ணை விலங்குகளின் நலனா, வளர்ப்பவரின் பிழைப்பா, எது முதலில்? ஜெயிப்பவர் விழுப்புரத்தில் நடக்கும் போட்டிக்குப் போகலாம். நான் விலங்குகளின் பக்கம். சுஐப் எதிர்ப் பக்கம். சீட்டு எடுத்துப் பார்த்ததில் அப்படி வந்தது.

நான் முறையாகத் தயாரித்தேன். நான்கு நாள் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, கோழி ஏற்றிப் போகும் வண்டிகளை எண்ணினேன். மொத்தம் பதினொன்று. கால் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டவை ஒன்பது. திங்கட்கிழமை தியாகதுருகம் நிறுத்தத்தில் ஒரு வண்டியைப் படம் எடுத்தேன். இரண்டு பக்கமும் சேர்த்து இருபத்தெட்டு கோழிகள். ஓட்டியவன் ஹெல்மெட் போட்டிருந்தான். மட்கார்டில் இருந்த கடைப் பெயரை அழித்துவிட்டேன். சீட்டின் பச்சை உறையை மட்டும் அழிக்கவில்லை. சுஐபின் தங்கை அப்ரின் தைத்துப் பழகிய உறை அது. ஒரு பக்கம் ஒரு சாண் நீளமாகத் தொங்கும். வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அழிக்க மறந்துவிட்டேன் என்று எனக்கே இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன்.

படத்தைத் திரையில் போட்டதும் ஆகாஷ் கத்தினான். "டேய் சுஐப்! உன் வண்டிடா! அப்ரின் பாவாடடா!"

வகுப்பு முழுக்கச் சிரிப்பு. நான் சிரிப்பு அடங்கக் காத்திருந்து, எழுதி வைத்ததை ஒன்றுவிடாமல் படித்தேன். கோழிக்கு உதரவிதானம் கிடையாது, தலைகீழாகத் தொங்கினால் குடல் நுரையீரல் மேல் அழுந்தும், மூச்சு விடவே போராட வேண்டும் என்றேன். "பேசத் தெரியாத உயிரின் வலிக்கு நாமாவது சாட்சி சொல்ல வேண்டும்" என்று முடித்தேன். கைதட்டினார்கள்.

சுஐப் எழுந்தான். அவனுக்கு ஐந்து நிமிடம். வைக்கோல் போரைச் சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். ஒரு வாக்கியம் போதும் அவனுக்கு.

"வண்டி என்னுதுதான்," என்றான். "அப்ரின் பாவாட இல்ல, கர்ச்சீப்பு. அவ்ளோ பெருசு வேணும் ஆகாஷ் மூக்குக்கு." மறுபடி சிரிப்பு, இந்த முறை அவன் பக்கம். பிறகு பண்ணைக்காரர்கள், கம்பெனி கொடுக்கும் குஞ்சு, வெயிலில் சாகும் கோழி என்று தனக்குத் தெரிந்ததைச் சொன்னான். கடைசியில், "தலைகீழா தொங்குனா மூச்சு முட்டும்னு எனக்குத் தெரியாது. அத எந்திரிச்சுச் சொன்னதுக்கு மொழிக்குத் தேங்க்ஸ்," என்று உட்கார்ந்தான். இரண்டு நிமிடம் மிச்சம் இருந்தது.

நான் ஜெயித்தேன்.

படி இறங்கும்போது பின்னாலேயே ஓடி வந்தான். காட்டிக்கொடுக்காமல் விட்டுவிட்டான், அதைச் சொல்லிக் காட்டப் போகிறான் என்று நினைத்தேன். அவன் பையிலிருந்து நான்கு உப்பு சர்க்கரைப் பொட்டலங்களை எடுத்தான்.

"கன்னுக்குட்டிக்குக் கழிச்சல் நின்னுச்சா? இத வெதுவெதுப்பான தண்ணியில கலக்கிக் குடு. ஆட்டுக்குட்டிக்கெல்லாம் எங்க மாமா இதத்தான் குடுப்பாரு."

அவன் என்னை விட்டுவிடவில்லை. கழிச்சல் என்றதை நம்பியிருந்தான். அதனால்தான் மேடையில் சொல்ல அவனிடம் ஒன்றும் இல்லை.

"நின்னுடுச்சு," என்றேன். பொட்டலங்களை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் வியாழன். அம்மா எங்களுடைய இன்னொரு பசுவைக் கறந்துகொண்டிருந்தாள், ஜெர்சியை இன்னும் கறக்கவில்லை. நான் கன்றை அவிழ்த்துக்கொண்டு போய்த் தாயிடம் விட்டேன். ஒரு நிமிடம் ஆனது, இழுக்கவில்லை. ஐந்து நிமிடம் ஆனது. முட்டி முட்டிக் குடித்தது, வால் நிற்காமல் ஆடியது. நாலு காம்பும் வற்றும் வரை விட்டேன். மதியக் கறவையிலும் அப்படியே. சொசைட்டியில் எங்கள் வீட்டு வரியில் வழக்கமான அளவில் பாதிதான் எழுதினேன். அம்மா திட்டித் தீர்த்தாள். "படிச்சி கெட்டுப்போனியா? இல்ல பேய் கீய் புடிச்சிதா?" என்றாள். எனக்கு உள்ளுக்குள் லேசாக இருந்தது. அந்த லேசுக்காகத்தான் விட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. கன்றுக்கு என்ன ஆகும் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. பதினாறு நாள் பட்டினி கிடந்த வயிறு அது. கோழியின் நுரையீரலைப் பற்றி இரண்டு பக்கம் படித்தவள், இதைப் பற்றி ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை நான் சொசைட்டியிலிருந்து திரும்பியபோது கன்று பக்கவாட்டில் கிடந்தது. பின்னால் வெள்ளையாகத் தண்ணீர் போலக் கழிந்து, வைக்கோல் நனைந்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. விரலைக் கொடுத்தேன், சப்பவில்லை.

சுஐபுக்குத்தான் போன் செய்தேன். வேறு யாரைக் கேட்பது என்று தெரியவில்லை.

"பக்கத்து ஊர் ஆட்டுப் பட்டிக்கு டாக்டரம்மா வந்துகீறாங்க, இப்பதான் பாத்தேன். கூட்டினு வரேன்," என்றான். முக்கால் மணி நேரத்தில் கால்நடை டாக்டரம்மாவின் ஸ்கூட்டர் முன்னால் வந்தது, அவன் வண்டி பின்னால். வண்டியில் கோழிகள் தொங்கவில்லை. சீட்டுக்குப் பின்னால் தக்காளி அடுக்கும் பிளாஸ்டிக் கிரேடுகள் இரண்டைக் கட்டி, உள்ளே கோழிகளை உட்கார வைத்திருந்தான். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டான்.

"அத்தா திட்றாரு, கோழி கம்மியா புடிக்குது, ரெண்டு நடை ஜாஸ்தி ஆவுதுன்னு. போவட்டும்," என்று சொல்லி, வண்டியைப் புங்கமர நிழலுக்குத் தள்ளிவிட்டு வந்தான்.

டாக்டரம்மா கன்றின் பல் ஈறைப் பார்த்தார், தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். "எத்தனை நாளா கழியுது?"

நான் வாயைத் திறப்பதற்குள் சுஐப் சொன்னான். "ஒரு வாரம் இருக்கும் டாக்டர். ஞாயித்துக்கிழமை நானே பாத்தேன். நடுவுல நின்னுது, மறுபடி வந்துட்ச்சு போல."

"ஒரு வாரமா? அப்போ கிருமி உள்ள எறங்கியிருக்கும்." பையைத் திறந்து ஒரு சின்ன மருந்துப் புட்டியை எடுத்தார். "இது கொஞ்சம் பலமான ஊசி. இந்த எடைக்குத் தாங்குமான்னு சொல்ல முடியாது. வேற வழியில்ல. தலையப் புடிங்க."

சுஐப் மண்டியிட்டுத் தலையைப் பிடித்தான். டாக்டரம்மா ஊசியில் மருந்தை ஏற்றினார். அம்மா என்னைப் பார்த்தாள். நானும் அம்மாவைப் பார்த்தேன். அவள் தலை அசைந்ததா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"இல்ல டாக்டர்," என்றேன். "இன்னிக்குக் காலையிலேர்ந்துதான்."

"அந்தத் தம்பி ஒரு வாரம்னு சொல்றாரு?"

"நான் அவன்கிட்ட பொய் சொன்னேன். அப்போ கழிச்சல் இல்ல. பால் குடுக்கல. பொறந்ததுலேர்ந்து குடுக்கல. நேத்து ரெண்டு வேளையும் மொத்தப் பாலையும் குடிக்க விட்டுட்டேன்."

புங்கமரத்தடியில் கோழிகள் கொக்கரித்தன. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குள் போய்விட்டாள்.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. ஊசி மருந்தை மறுபடி புட்டிக்குள் விடாமல் கீழே பீய்ச்சினார். "பட்டினி வயித்துல அவ்வளவு பால் எறங்கினா இப்படித்தான் ஆகும். இன்னிக்குப் பால் வேண்டாம். உப்பு சர்க்கரைத் தண்ணி, ரெண்டு மணிக்கு ஒருதரம், அரை லிட்டர். நாளையிலேர்ந்து பால கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. பொட்டலம் இருக்கா?"

"இருக்கு," என்றேன். பையில் அந்த நான்கும் அப்படியே இருந்தன.

முதல் அரை லிட்டரை டாக்டரம்மா குழாய் வைத்து உள்ளே விட்டார். அது முடியும் வரை சுஐப் தலையைப் பிடித்தபடியே இருந்தான். என்னைப் பார்க்கவில்லை. பிறகு எழுந்து, முழங்கால் சாணியைத் தட்டினான்.

"கோழி வெயில்ல கெடக்குது," என்றான். நிழலில்தான் இருந்தன. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

திங்கட்கிழமை சிவசங்கர் சாரிடம் போய், விழுப்புரத்துக்குச் சுஐபை அனுப்புங்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன், முழுவதும் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் சுஐபைக் கேட்டதற்கு அவன், அன்றைக்குக் கடையில் வேலை இருக்கிறது என்றான். எங்கள் வகுப்பிலிருந்து யாரும் போகவில்லை. நான் கன்றுக்குப் பால் கொடுக்காத கதையை ஆகாஷ் உட்பட எவனும் இதுவரை பேசவில்லை. அப்படியென்றால் சுஐப் யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டில் ஒரு காம்பு காளைக்கன்றுக்கு என்று ஆகிவிட்டது. நாங்கள் அதைப் பேசி முடிவெடுக்கவில்லை. டாக்டரம்மா வந்துபோன நாலாம் நாள் காலை அம்மா மூன்று காம்பைக் கறந்துவிட்டு எழுந்துகொண்டாள். "இன்னா பாத்துகினு கீற? அவுத்து வுடு," என்றாள். அவ்வளவுதான். சொசைட்டி நோட்டில் எங்கள் வரி கொஞ்சம் குறைந்திருக்கிறது. பழைய பக்கங்களையும் புரட்டிப் பார்த்தேன். காளைக்கன்று போட்ட எந்த வீட்டுக்கும் பால் குறைந்ததே இல்லை. மூன்று வருடமாக என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

ஆவணி கடைசியில் ஒரு நாள் வகுப்பு முடிந்து பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். சுஐப் வண்டியை நிறுத்தினான். கிரேடுகள் காலியாக இருந்தன. இத்தனை நாளில் அவனாக வந்து பேசியது அன்றுதான்.

"அத்தா வர்ற வாரம் மலைக்குப் போறாரு. கரியாலூர் பக்கத்துல ஒருத்தரு கன்னு கேட்டுகீறாரு. புல்லு கடிக்குதா?"

"கடிக்குது. நல்லா கடிக்குது," என்றேன்.

"நெசமாவா?"

முன்பு அவன் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. குத்திக்காட்டுவது போலவும் கேட்கவில்லை. அவன் அத்தா மலையில் ஒருவரிடம் வாக்குக் கொடுக்க வேண்டும், அதற்காகத் தெரிந்துகொள்ளக் கேட்டான். நான் போனை எடுத்து, கன்று புல் மேயும் வீடியோவைத் தேடிக் கையில் கொடுத்தேன். அவன் அதைக் கடைசி வரை பார்த்தான்.

"இதுல இருட்டா கீது," என்றான். "நாளைக்குக் காலையில வெளிச்சத்துல ஒண்ணு எடுத்து அனுப்பு."

"சரி," என்றேன்.

மறுநாள் காலை, சொசைட்டி முடிந்து வந்ததும் நல்ல வெளிச்சத்தில், கன்று புல்லைக் கடிக்கும் வாய் தெரிகிற மாதிரி, பக்கத்தில் போய் எடுத்து அனுப்பினேன்.