அப்பாவின் ரெண்டு ரிங்

வெளியே வண்டியில் அப்பாவை ஏற்றிக்கொண்டிருந்தபோது, மூத்தவள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அப்பாவின் போனிலிருந்து தங்கைக்கு ரெண்டு ரிங் விட்டாள்.

பஸ் ஓட்டிய காலத்திலிருந்து அது அப்பாவின் வழக்கம். சாயங்காலம் வீடு வந்து சேர்ந்ததும் ரெண்டு ரிங். எடுக்கவும் கூடாது, திருப்பிக் கூப்பிடவும் கூடாது. காசு செலவில்லாத பாசம் என்று மகள்கள் இருவரும் கேலி செய்வார்கள். ஆனால் அது வராவிட்டால் இளையவளுக்குச் சோறு இறங்காது.

அவளுக்கு ஏற்கெனவே இரண்டு முறை கரு தங்கவில்லை. இப்போதுதான் மூன்றாம் மாதம். அதிர்ச்சியான சேதி எதுவும் காதில் விழக் கூடாது என்று குடும்பமே வாயைப் பூட்டிக்கொண்டது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்ததையும் சொல்லவில்லை, போய்ச் சேர்ந்ததையும் சொல்லவில்லை. அவள் புருஷன்கூட வேலை விஷயமாக வெளியூர் என்று புளுகிவிட்டுத்தான் சாவுக்கு வந்திருந்தான். எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்தவர்கள் அந்த ரிங்கை மறந்துபோனார்கள். இன்றுதான் மூத்தவளுக்கு உறைத்தது.

போன் கையிலேயே அதிர்ந்தது. தங்கைதான்.

"அப்பாவா?"

"நான்தாண்டி. அப்பா குளிக்கிறாரு."

"அப்பாடா. ரெண்டு நாளா ரிங்கே வரலக்கா. நான் அடிச்சாலும் சுவிட்ச் ஆஃப். உன்னைக் கேட்டா நல்லாருக்காருங்கற, குரலே சரியில்ல. அவருக்கு என்னமோ ஏதோன்னு எனக்குப் பொட்டுத் தூக்கமில்ல."

"சார்ஜ் போட மறந்துட்டாரு."



"அக்கா, காலைல கலைஞ்சிடுச்சு."

மூத்தவள் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் தப்பு ஒண்ணுமில்லன்னுதான் டாக்டரம்மா சொன்னாங்க. நான்தான் கண்டதையும் நினைச்சு மனசைப் போட்டு உருட்டிக்கிட்டேன். பாரு, அவரு ஜம்முனு குளிச்சிட்டிருக்காரு."

"நீ ஒண்ணும் பண்ணலடி."

"அப்பாகிட்ட சொல்லிடாதக்கா. தாங்க மாட்டாரு. என் வீட்டுக்காரருக்கும் ஊர்லேர்ந்து வந்ததும் நானே சொல்லிக்கறேன்."

"சரி."

"நாளைக்கு மறக்காம ரிங் விடச் சொல்லு."

"சொல்றேன்."

ஜன்னலுக்கு வெளியே, வண்டிப் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு தங்கை புருஷன் இவளைப் பார்த்தான். நல்லாருக்காளா என்று புருவத்தைத் தூக்கிக் கேட்டான். மூத்தவள் தலையாட்டினாள். அவன் ஏறிக்கொண்டான்.

வண்டி கிளம்பியது. போனில் சார்ஜ் குறைவாக இருந்தது. அப்பாவின் சார்ஜரைத் தேடி எடுத்து, செருகி, சுவிட்சைப் போட்டாள்.