எட்டுத் திருகுகள்

வரலாறு எழுதுகிறவர்கள் குறித்துக்கொள்ளட்டும்: காலை பத்து இருபதுக்கு, சவப்பெட்டி மூடியின் மூன்றாவது திருகு பாதி இறங்கியிருந்தபோது, சித்தப்பாவின் புத்தம்புது டிரில் மிஷின் உயிரை விட்டது. அப்பா முந்தின நாளே விட்டிருந்தார்.

சித்தப்பா டூல்ஸ் ஷோரூம் முதலாளி. 'ஒரிஜினல்' என்று சொல்லும்போதே அவருக்குக் கண் சொருகும். அப்பாவோ செத்த டிரில் பேட்டரிகளைப் பிரித்து, புது செல் அடுக்கி, நிக்கல் பட்டையை வெல்டு வைத்து ஒட்டி ஓடவைத்தவர். "எங்கண்ணன் பொணத்துக்குப் பவுடர் பூசுறாரு" என்பது தம்பியின் முப்பது வருஷத்துப் பாட்டு.

"சார்ஜ் போட்டீங்களா சித்தப்பா?" என்றாள் மகள்.

"புதுசும்மா! இப்பத்தான் சீல் பிரிச்சேன்."

"ரெண்டு வருஷம் ஷோகேஸ்ல நின்னா புதுசும் காலிதான்."

யாரோ கை ஸ்க்ரூ டிரைவரை நீட்டினார்கள்.

"கையால முடுக்குனா மனுஷன் எழுந்து உக்காந்துடுவாரு" என்றாள் அம்மா. மூடி போடுமுன் கடைசியாகக் குனிந்து அவருடைய காலரை நேராக்கியவள் அவள்தான். அதுவரை கஷ்டப்பட்டுத் தலைகுனிந்திருந்த கூட்டம் குபீரென்று சிரித்தது.

மகள் பட்டறைக்கு ஓடினாள். அப்பாவின் பழைய டிரில் இருந்தது. சார்ஜரில் ஒரே ஒரு பேட்டரி. முந்தாநாள் அவளே ஒட்டியது. பதினோரு வருஷமாக அவள் ஒட்டிய எதையும் சோதிக்காமல் அப்பா வெளியே விட்டதில்லை. "பலகையில எட்டு திருகு ஏத்து, எட்டையும் கழட்டு, மறுபடி ஏத்து. சூடாகலைன்னா ஒட்டு நின்னுச்சுன்னு அர்த்தம்" என்பார். இதைச் சோதிக்குமுன் ஆள் கிளம்பிவிட்டார். நடுவில் நின்றால் சித்தப்பாவின் பாட்டு இன்னும் முப்பது வருஷம் ஓடும்.

மாட்டினாள். அழுத்தினாள். மூன்றாவது இறங்கியது. நான்கு. ஐந்து. ஆறில் சத்தம் கொஞ்சம் கம்மியதுபோல் இருந்தது. கம்மியது அவள் மூச்சுதான். ஏழு. எட்டு.

சித்தப்பா நெஞ்சில் கை வைத்தார். "எங்கண்ணன் கைராசி! அப்பவே சொன்னேன்..."

"எப்ப சொன்னீங்க?" என்றாள் அம்மா. "அது அவ ஒட்டுனது."

சித்தப்பா அசரவில்லை. தொண்டையைச் செருமினார். "இந்த மாமனிதர் இன்று நம்மைவிட்டு..."

"கொஞ்சம் இருங்க." அம்மா முகத்தைத் தடவிப் பார்த்தாள். "என் கண்ணாடி உள்ள இருக்கு."

இரங்கலுரை அந்தரத்தில் நின்றது. யாரோ வாயைப் பொத்தினார்கள். பயனில்லை, வீடே குலுங்கியது. அம்மாதான் அதிகம் சிரித்தாள்.

எட்டும் கழன்றன. கண்ணாடி அப்பாவின் காலர் மடிப்பில் சொகுசாகக் கிடந்தது. அம்மா அதைப் புடவையில் துடைத்துப் போட்டுக்கொண்டு அவர் முகத்தை இன்னொரு முறை, தெளிவாக, பார்த்தாள். எட்டும் மறுபடி இறங்கின.

மகள் பேட்டரியின் அடியில் உள்ளங்கையை வைத்தாள்.

சூடாகவில்லை.