ஃபைலில் ஓரம் கிடையாது

மற்ற ஆறு மொழிகளும் சமர்த்தாகத் திறந்துகொண்டன. தமிழைத் தொட்டால் மட்டும் திரை வெள்ளையாக முழித்தது. மருத்துவமனையில் டாக்டரைப் பார்க்க நேரம் பதிவு செய்கிற செயலி அது. நான்கு மணிக்கு வெளியாக வேண்டும். இப்போது மணி இரண்டேகால்.

மொழி ஃபைல்களைச் செயலிக்குள் ஏற்றுவது அவள் வேலை. அவளுக்கு மேலே இருந்தவருக்கு அலுவலகம் வைத்த பெயர் கத்திரிக்கோல். ஓடாத எதையும் கட்டிக்கொண்டு அழ மாட்டார், நறுக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். அவர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, நாலு மணிக்குள் தமிழ் ஓடினால் சரி, இல்லாவிட்டால் ஆறு மொழியோடு வெளியிட்டுவிடலாம், ஏஜென்சியிடம் சொல்லி மொழிபெயர்ப்பாளரையும் மாற்றிவிடலாம் என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் பயம்.

அந்த மொழிபெயர்ப்பாளர் அவளுடைய மாமனார்.

இது அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. அதைவிட வேடிக்கை, தன் ஃபைலை வாங்கி ஏற்றுவது மருமகள்தான் என்பது மாமனாருக்கே தெரியாது. முப்பத்து நான்கு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்ற மனிதர், வீட்டில் சும்மா இருக்க முடியாமல் வாஷிங் மெஷின் கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சிவப்புப் பேனாவால் திருத்தி, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வலது மூலையில் கையெழுத்தும் போட்டு வைத்தார். பார்க்கச் சகிக்காமல் அவள்தான் ஏஜென்சியின் நம்பரை, எங்கோ விளம்பரத்தில் பார்த்ததாகச் சொல்லிக் கொடுத்தாள். மருமகள் பிடித்துக் கொடுத்த வேலை என்று தெரிந்தால் அவர் பேனாவைத் தொட மாட்டார். ரோஷம் அப்படி. ஏஜென்சி வைத்த பரீட்சையை எழுதி, தேறி, வேலையை வாங்கினார். ஃபைல் எந்தக் கம்பெனிக்குப் போகிறது என்று ஏஜென்சி சொல்வதில்லை, அவரும் கேட்பதில்லை. இப்படி எட்டு மாதமாக ஒரே கூரையின் கீழ் அவர் எழுதுவதை அவள் ஏற்றிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மேசையில் அவர்களுக்குள் நடக்கிற பேச்சு ‘உப்பு வேணுமா மாமா’, ‘போதும்மா’ என்பதோடு சரி. சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. இருவருக்குமே கூச்சம், அவ்வளவுதான்.

ஃபைலைத் திறந்ததுமே பாதி விஷயம் விளங்கிவிட்டது. வழக்கமாக ஏஜென்சி அவருக்கு அட்டவணையாக அனுப்பும். குறிப்பு எழுத அதில் தனிக் கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டுத்தான் அவளுக்கு அனுப்புவார்கள். இந்தத் தடவை அவசரத்தில் கணினி படிக்கிற ஃபைலையே தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். குறிப்பு எழுத மனிதர் ஓரத்தைத் தேடியிருக்கிறார். ஓரம் இல்லை. சரி என்று வரிகளுக்கு நடுவிலேயே எழுதிவிட்டார். கணினியோ, ஆங்கில வாசகம், அதற்குத் தமிழ், இவை தவிர மூன்றாவதாக ஒரு எழுத்தைக் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஜாதி.

அழிக்கத்தான் உட்கார்ந்தாள். கண் படித்துவிட்டது.

‘பொறியாளர் அவர்களுக்கு வணக்கம். தாங்கள் யாரென்று தெரியாது, மன்னிக்கவும்’ என்று ஆரம்பித்திருந்தார். நானூற்றுப் பன்னிரண்டாவது வரிக்குக் கீழே இப்படி: ‘கோரிக்கை நிராகரிக்கப்பட்டது என்றுதான் எழுத வேண்டும். உடம்பு முடியாமல் வருகிறவரிடம் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த நேரம் காலியாக இல்லை, வேறு நேரம் பாருங்கள் என்று போட்டிருக்கிறேன். தவறா?’ அதற்கும் கீழே: ‘என் மருமகளும் தங்களைப் போலக் கணினி வேலைதான் பார்க்கிறாள். மகா கெட்டிக்காரி. கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவாள். களைத்து வருகிற பெண்ணை எப்படிக் கேட்பது? அதனால் தங்களைத் தொந்தரவு செய்கிறேன்.’

கல்யாணமாகி வந்த நான்கு வருஷத்தில் அந்த வாயிலிருந்து ‘கெட்டிக்காரி’ என்று அவள் கேட்டதில்லை. கண் கலங்கி, திரையில் இருந்ததெல்லாம் குழம்பித் தெரிந்தது. அவளுக்கு அவரை அந்த நிமிஷமே போய்ப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

குறிப்புகள் பதினொன்று. எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு ஃபைலிலிருந்து அழித்தாள். ஏற்றினாள். திரை மறுபடியும் வெள்ளையாக முழித்தது.

ஆயிரத்து நூற்று எண்பத்தாறாவது வரியில் பிழை என்றது கணினி. ஃபைலோ ஆயிரத்து நூற்று நாற்பதிலேயே அடைப்புக்குறி போட்டு முடிந்துவிட்டது. இல்லாத வரியில் பிழையாம். கணினி உளறுகிறது என்று முடிவுகட்டி, அந்த ஆயிரத்துச் சொச்சம் வரியையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். ஒரு கால்புள்ளிகூட இடம் மாறவில்லை. முப்பத்து நான்கு வருஷத்துக் கை அது, எப்படி மாறும்? மணி மூன்றரை ஆனது. கத்திரிக்கோல் தூரத்திலிருந்து கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

அப்போதுதான் வாஷிங் மெஷின் கையேடு நினைவுக்கு வந்தது. பக்கம் பக்கமாக அடியில், வலது மூலையில்.

ஃபைல் முடிந்த இடத்துக்கும் கீழே இறங்கினாள். வெற்று வரிகள். இன்னும் இறங்கினாள். நாற்பத்தைந்து வெற்று வரிகளுக்கு அப்பால், வலது கோடிக்குத் தள்ளி, யார் கண்ணிலும் படாத மாதிரி இருந்தது: ‘பார்த்தேன். அச்சிடலாம்.’ அச்சகத்தில் அவர் அப்படி எழுதிக் கையெழுத்துப் போடாமல் ஒரு தாளும் இயந்திரத்துக்குப் போனதில்லை. அது இல்லாமல் அனுப்ப அவருக்குக் கை வராது.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு அதையும் எடுத்தாள். தமிழ் திறந்தது. மணி மூன்று ஐம்பது.

கத்திரிக்கோல் வந்து எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தார். மேசைமேல் இருந்த காகிதத்தையும் படித்தார்.

“தமிழ் போகட்டும். ஆனா இவர் இன்னொரு தடவை ஃபைல்ல லெட்டர் எழுதினா ஆளை மாத்திடுவேன். அதை அவர்கிட்ட யாராவது சொல்லணும்.”

“நான் சொல்றேன்” என்றாள்.

சொல்வதாக ஒப்புக்கொண்டாளே தவிர, வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது. சொல்லாவிட்டால் கத்திரிக்கோல் நறுக்கிவிடுவார். சொன்னால் ரோஷத்தில் அவரே விட்டுவிடுவார். எட்டு மாதமாக அந்த முகத்தில் இருந்த தெளிச்சி போய்விடும்.

சாப்பிட உட்கார்ந்தார்கள். உப்பு வேணுமா என்பதற்குப் பதிலாக அவள் சொன்னாள்.

“மாமா, அந்த நானூத்திப் பன்னெண்டாவது வரி, நீங்க எழுதினபடியே இருக்கட்டும். அதுதான் சரி.”

அவர் கை தட்டிலேயே நின்றது. புருஷன்காரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

“எத்தனை மாசமா?” என்று கேட்டார் மாமனார்.

“எட்டு மாசமா. நம்பர் குடுத்தது மட்டும்தான் நான். பரீட்சையில தேறினது நீங்க.” ஒரே மூச்சில் மிச்சத்தையும் சொல்லிவிட்டாள். “இனிமே ஃபைல்ல எதுவும் எழுதக் கூடாது மாமா. அதுல ஓரம் கிடையாது.”

“கையெழுத்துமா?”

“அதுவும்தான்.”

அவர் எழுந்து கை கழுவினார். தன் அறைக்குப் போனார். போச்சு, எல்லாம் போச்சு என்று அவள் உட்கார்ந்திருந்தாள்.

அவர் ஒரு நோட்டோடு திரும்பி வந்தார்.

“ஃபைல்ல பதினொண்ணுதான் எழுதினேன். முகம் தெரியாத மனுஷனை ரொம்பத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு மிச்சத்தை இதுல வெச்சிருக்கேன். அறுபதுக்கு மேல இருக்கும்.” நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டவர், உட்காராமல் தயங்கினார். “களைப்பா இருக்கியாம்மா?”

“இல்ல மாமா. கேளுங்க.”

அடுத்த ஃபைலில் ஒரு குறிப்பும் இல்லை. அடியில் கையெழுத்தும் இல்லை. அதை அனுப்பிய அன்று காலையில், வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மருமகளுக்குப் பக்கத்தில் வந்து நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்.

“பார்த்தேன். அச்சிடலாம்.”