கொசுறு மான்

பதினேழு வருடமாகத் தோமித்திலா பீந்தோ மலையில் எல்க் மான் சுட அனுமதிச் சீட்டு கேட்டு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள். பதினேழு வருடமும் குலுக்கலில் அவள் பெயர் விழவில்லை.

அந்த மலை அவள் வீட்டுக் கொல்லையிலிருந்துதான் ஏறத் தொடங்குகிறது. அடுப்பில் எரிவது அதன் விறகு. அதன் எல்க் மான்கள் கோடையில் இறங்கி வந்து அவளுடைய குதிரைமசால் வயலை மொட்டையடித்துவிட்டு, செப்டம்பரில் மேலே போய் நின்றுகொண்டு கூவும். அடுப்படியில் நின்றாலே கேட்கும்.

"என் தீனியத் தின்னுட்டு என்னையே நக்கல் பண்ணுது பாரு" என்பாள் புருஷன் எலிசேயோவிடம்.

அதற்குமேல் அவளால் ஒன்றும் செய்ய முடியாது. சீட்டு இல்லாமல் சுட்டால் துப்பாக்கியும் போகும், வண்டியும் போகும். அந்த மலைக்கு வருடத்துக்கு மொத்தமே பன்னிரண்டு சீட்டு.

அவள் பிழைப்பும் மானோடுதான். ஃபிடென்சியோவின் இறைச்சிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக வெட்டுகிறாள். ஒரு பருவத்துக்கு நூற்றைம்பது எல்க் அவள் கத்திக்குக் கீழே வரும். ஒன்றுகூட அவள் சுட்டதில்லை. பாதிக்குமேல் சுற்றுவட்டார மலைகளிலிருந்து பல்தசாரின் ஆட்கள் கொண்டுவருவது. பல்தசார் எலிசேயோவின் சித்தப்பா மகன். கோவேறு கழுதை, கூடாரம், சமையல்காரன் என்று வைத்துக்கொண்டு வெளியூர்க்காரர்களை வேட்டைக்கு மலையேற்றுகிற முகாம்காரன்.

அந்த வருடம் மே மாதம், குலுக்கல் முடிந்ததும் வனவிலங்கு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

"காத்திருப்புப் பட்டியல்ல நீங்கதாங்க முதல் ஆள். யாராவது சீட்டத் திருப்பிக் குடுத்தா உங்களுக்கு வந்துரும்."

"பீந்தோ சீட்ட எவன் திருப்பிக் குடுப்பான்? செத்தாக்கூட பெட்டிக்குள்ள வச்சிக்கிட்டுப் போவான்."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "பொதுமக்களுக்குப் பத்துதான். பதினொண்ணு இருந்தா உங்களுதுதான்."

போனை வைத்துவிட்டுத் தோமித்திலா விரல்விட்டு எண்ணினாள். அப்புறம் கேட்டாள்:

"யோவ், பன்னெண்டுல பத்துல ஒரு பங்கு எவ்வளவுய்யா?"

எலிசேயோ மர லாரி ஓட்டுகிறவன். கணக்கு விரல் நுனியில் இருக்கும். "ஒண்ணு. அதோட ஒரு கொசுறு."

"எவ்வளவு கொசுறு?"

"ஒண்ண அஞ்சாப் பிரிச்சா ஒரு பங்கு."

"முகாம்காரங்களுக்குப் பத்துல ஒண்ணுன்னுதான சட்டம்? ரெண்டு போயிருக்கே."

"கொசுற மேல தூக்கி முழுசாக்கிருப்பாங்க. ஆபீஸ்ல அப்படித்தான்."

"நீ மில்லுல எடை போடறப்ப இப்படித் தூக்கிப் பாரேன்."

"நான் மரத்தத் தூக்குனா மில்லுக்காரன் என்னையத் தூக்கிருவான் புள்ள."

ஜூனில் மாநில வனவிலங்கு ஆணையம் ஊர்ப் பள்ளிக்கூட விளையாட்டுக்கூடத்தில் கூட்டம் போட்டது. சீட்டுப் பங்கீடு பற்றி யாரும் பேசலாம். ஆளுக்கு மூன்று நிமிடம். மேசையில் ஒரு விளக்கு: பச்சை எரிந்தால் பேசலாம், சிவப்பு எரிந்தால் உட்கார வேண்டும். ஏழு ஆணையர்கள், நடுவில் நரைத்த ஜடை போட்ட தலைவரம்மா.

ஃபிடென்சியோ காலையிலேயே சொல்லியிருந்தான்: "போறதுன்னா போ. ஆனா வாயத் தொறக்காத. பல்தசார் சரக்க வேற கடைக்குத் திருப்பிட்டான்னா நீயும் நானும் ஈ ஓட்டணும்."

பல்தசார் முதலில் பேசினான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் தொப்பி. "எங்கிட்ட எட்டுப் பேர் வேலை பாக்குறாங்க. எல்லாம் இந்த ஊர்ப் பசங்க. ஒரு சீட்டு கொறஞ்சா அவங்களுக்குப் பத்து நாள் வேலை கொறையும். வெளியூர்க்காரன் வந்தாத்தான் இங்க ஓட்டல் ஓடும், பெட்ரோல் பங்க் ஓடும், கறி வெட்டுற கூடமும் ஓடும்." கடைசி வார்த்தையைச் சொல்லும்போது தோமித்திலா பக்கம் பார்த்தான்.

அவன் சொன்னதில் பொய் இல்லை. அவள் கூலியே அவன் சரக்கில்தான் ஓடுகிறது.

பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் ஒலிபெருக்கிக்குப் போகவில்லை. வாசலில் நின்ற வண்டிக்குப் போனாள். திரும்பி வரும்போது தோளில் துணி சுற்றிய ஒரு பெரிய பொதி. நேராக மேசைக்குப் போய் அதைத் தலைவரம்மா முன்னால் இறக்கினாள். தண்ணீர் டம்ளர்கள் துள்ளின. துணியை விலக்கினாள். உறைந்துபோன எல்க் பின்னந்தொடை, குளம்பை நீக்கிச் சுத்தமாக அறுத்தது.

"என்னம்மா இது?" என்றார் தலைவரம்மா, காகிதங்களைத் தள்ளி வைத்துக்கொண்டு.

"கொசுறுங்க."

விளக்கு பச்சையாக எரிந்தது.

"பீந்தோவுக்குப் பன்னெண்டு சீட்டு. முகாம்காரங்களுக்குப் பத்துல ஒண்ணுன்னா ஒரு முழு மான், அதுக்கு மேல அஞ்சுல ஒரு பங்கு மான். முழு மானுக்கு அவங்ககிட்டச் சீட்டு இருக்கு. நல்லா இருக்கட்டும். அந்த அஞ்சுல ஒரு பங்குக்குத்தான் எங்க சீட்டு ஒண்ணு வருஷாவருஷம் முழுசாப் போகுது. அந்தப் பங்கு இதாங்க. இருபத்திரெண்டு வருஷமா வெட்டுறேன், என் கண்ணளவு தப்பாது. இத அவரு எடுத்துக்கட்டும். சீட்ட எங்களுக்குக் குடுத்துருங்க."

முதலில் பின்வரிசையில் ஒருத்தன் சிரித்தான். அப்புறம் கூடமே அதிர்ந்தது. மரம் வெட்டுகிறவர்கள் பெஞ்சில் தட்டினார்கள். பல்தசாரின் சமையல்காரனே தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கினான்.

ஓரத்தில் நின்ற வன அதிகாரி முன்னால் வந்தார். "இது யாரு சுட்டது? தாள் இருக்கா?"

இருந்தது. உள்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் வாசித்தார்: போன அக்டோபரில், பீந்தோ மலையில், பல்தசாரின் வாடிக்கையாளர் ஒருவர் சுட்டது. 'கறி வேண்டாம், வெட்டும் கூடத்துக்கே தருகிறேன்' என்று கையெழுத்து.

பல்தசாரின் காது சிவந்தது.

ஓர் ஆணையர், ஒல்லியானவர், விடவில்லை. "சரிம்மா. வேற மலைல பங்கு ஒண்ணே முக்கால்னு வந்தா? அப்பவும் முக்கால விட்டுக்குடுக்கச் சொல்லுவீங்களா?"

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "மாட்டேங்க. அரைக்கு மேல இருந்தா அவங்களுக்கே முழுசாக் குடுங்க. அரைக்குக் கீழன்னா எங்களுக்கு. இதே பள்ளிக்கூடத்துல, அந்தா தெரியுதே கதவு, அதுக்குப் பின்னாலதான் எனக்கு அப்படிச் சொல்லிக் குடுத்தாங்க. இவரும் எங்கூடத்தான் படிச்சாரு. அன்னிக்கு லீவு போட்டுட்டாரு போல."

சிவப்பு விளக்கு எரிந்தது. சிரிப்பு அடங்கத்தான் நேரமானது.

கை தூக்கச் சொன்னார்கள். மூன்று கை எதிர்த்தது. நாலு கை ஆதரித்தது. நாலாவது அந்த ஒல்லி ஆணையருடையது. புது விதி இந்தப் பருவத்திலிருந்தே அமல். பதினோராவது சீட்டு பொதுப் பட்டியலுக்கு.

எலிசேயோ தோமித்திலாவைக் கட்டிப்பிடிக்க வந்து, பிடிக்கத் தெரியாமல் முதுகில் ஓர் அடி வைத்தான். மரக்கட்டையைத் தட்டுகிற அடி.

பல்தசார் எதிரில் வந்து நின்றான். நெற்றி சுருங்கியிருந்தது, வாயோரம் மட்டும் அடங்கவில்லை. "அண்ணி, அந்தத் தொடைய வச்சிட்டுப் போகவா, எடுத்துக்கிட்டுப் போகவா?"

"உங்க பங்குதான கொழுந்தனாரே. தாராளமா."

அவன் நிஜமாகவே தோளில் தூக்கிக்கொண்டு போனான்.

அக்டோபரில் பருவம் ஐந்தே நாள். ஃபிடென்சியோ முணுமுணுத்துக்கொண்டே லீவு கொடுத்தான். முதல் நாள் காற்று திரும்பி மான்களுக்கு அவர்கள் வாடையைக் காட்டிக் கொடுத்தது. இரண்டாம் நாள் மூடுபனி. தன் கையே தெரியவில்லை. மூன்றாம் நாள் எலிசேயோவுக்குத் தும்மல் வந்தது. நாற்பது அடியில் நின்ற பெண் மான்கள் மாயமாகிவிட்டன.

"வேணும்னு தும்முனியா?"

"மூக்குக்குச் சீட்டு இல்ல புள்ள, அது பாட்டுக்கு வந்துருச்சு."

"நாளைக்கும் தும்முனா உன்னையச் சுட்டுட்டு உள்ள போயிருவேன்."

அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பருவம் முடிந்தால் சீட்டு வெறும் தாள். அடுத்த குலுக்கலில் பெயர் விழும் என்று எந்தச் சாமியும் எழுதித் தரவில்லை.

நான்காம் நாள் விடிந்து ஒரு மணி நேரம் இருக்கும். ஆஸ்பென் மரங்கள் இலை கொட்டி நின்ற சரிவில் ஓர் இளம் ஆண் மான் தனியாக இறங்கி வந்தது. பெரிய கொம்பில்லை. எலிசேயோ மூக்கை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். அவள் விழுந்து கிடந்த கட்டையில் துப்பாக்கியைச் சாய்த்து, மான் பக்கவாட்டில் திரும்பும்வரை பொறுத்தாள். ஒரு வெடி. மான் எட்டு அடி நடந்து, முன்னங்காலை மடக்கி, உட்கார்ந்து, சாய்ந்தது.

அவள் கிட்டே போய், கண்ணை மூடிக் கொஞ்சம் நின்றாள். சீட்டைக் கொம்பில் கட்டினாள். அப்புறம் கத்தியை எடுத்தாள். கைக்குத் தெரிந்த வேலைதான், ஆனாலும் தடுமாறியது. கூடத்துக்கு வருகிற மான்கள் எல்லாம் கல்லாகக் குளிர்ந்து வரும். இது கையைச் சுட்டது. அறுத்த இடத்திலிருந்து ஆவி எழும்பி அவள் முகத்தில் அடித்தது. கத்தி தடுமாறாமல் ஓடத் தொடங்கியபோது தான் சிரித்துக்கொண்டிருப்பது அவளுக்கே தெரிந்தது.

வண்டி நிற்கிற பாதைக்கு மூன்று மைல். கறியைச் சுமந்து ஆறு நடை போய்வர எலிசேயோவின் முழங்கால் தாங்காது. முதல் சுமையைக் கட்டும்போது மேலே மணிச் சத்தம். பல்தசார் இரண்டு கோவேறு கழுதைகளோடு வந்தான். ஒன்றில் மூட்டைகள். இன்னொன்றில் டல்லாஸ்காரர் ஒருவர், அந்த வருடம் பீந்தோவுக்கு வந்த ஒரே வாடிக்கையாளர், மான் கிடைக்காமல் வாடிப்போய்.

பல்தசார் மானைப் பார்த்தான். அண்ணியைப் பார்த்தான். "நான் நாலு நாளா இந்த ஆளச் சுத்திக் காட்டுறேன். நீங்க மூக்கு ஒழுகுற புருஷன வச்சிக்கிட்டு..."

"மான் முகாம்காரனப் பாத்தா பயப்படும் கொழுந்தனாரே. சொந்தக்காரனப் பாத்தா வந்துரும்."

"என் பங்கு எங்க?"

"அதான் ஜூன்லயே தூக்கிட்டுப் போயிட்டீங்களே."

அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். பிறகு டல்லாஸ்காரரிடம் போய்க் கழுதையின் கழுத்தைத் தட்டினான். "எறங்குங்க சார், கறிய ஏத்தணும். இங்கிருந்து எறக்கம்தான், நடந்துரலாம்."

"நான் பணம் கட்டியிருக்கேனே?"

"முகாமுக்குப் போனதும் ஈரல் வறுத்துத் தாரேன். இந்த மலைல அதுக்கு மேல ஒண்ணுமில்ல."

அவர் மானையும், இரத்தம் காய்ந்த கையோடு நின்ற அவளையும் பார்த்தார். இறங்கினார். கட்டுப் போட ஒரு முனையைப் பிடிக்கவும் செய்தார்; முடிச்சு மட்டும் அவிழ்ந்துகொண்டே இருந்தது.

முகாமில் வெங்காயமும் சுட்ட மிளகாயும் போட்டு ஈரல் சட்டியில் சீறியது. சமையல்காரன் ரொட்டியைத் தணலில் வாட்டி முதல் தட்டை அவளிடம் நீட்டினான். டல்லாஸ்காரர் காரத்தில் கண் கலங்க மூன்றாம் தடவை கேட்டு வாங்கினார்.

பல்தசார் பக்கத்தில் வந்து குந்தினான். "அண்ணி, அந்த விண்ணப்பம் எப்ப போடணும்?"

"எதுக்கு?"

"நானூறு பேர இந்தச் சுத்துவட்டார மலைல ஏத்தியிருக்கேன். எனக்குன்னு ஒரு தடவகூடச் சுட்டதில்ல."

அவள் வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள். "வரிசை நீளம் கொழுந்தனாரே. மார்ச்சுல வந்து கடைசில நில்லுங்க. தட்ட நீட்டுங்க, ஈரல் ஆறுது."