கடைசி வீடு

அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். திருமயம் வழியாகப் போகிற டவுன் பஸ்ஸில் அவருக்கு டியூட்டி என்றால், கையில் கோழியோடு பொட்டல் வெயிலில் நிற்கிற ஒற்றை ஆளைக்கூட விட்டுவிட்டுப் போகமாட்டார். டிரைவர் பல்லைக் கடித்தாலும் விசில் ஊதி நிறுத்திவிடுவார். அதனால் வண்டி எப்போதும் லேட். மேலதிகாரிகளிடம் திட்டு வாங்குவார், திட்டு வாங்கியதை வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொல்லவும் செய்வார். எனக்கு அந்தப் பெருமை சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் போகவேண்டிய இடம் இருக்கிறதே என்று நினைப்பேன்.

ரிட்டயர் ஆன பிறகு பங்குச் சாமியார் அவரை நற்கருணைப் பணியாளராக நியமித்தார். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும், கோவிலுக்கு வரமுடியாமல் படுக்கையில் கிடப்பவர்களின் வீட்டுக்கு நன்மை கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. பூசையில் ஆண்டவரின் உடலாகிவிட்ட அந்த மெல்லிய வெள்ளை அப்பத்தைத்தான் எங்கள் பக்கத்தில் நன்மை என்போம். அதைச் சின்ன வட்டச் சிமிழில் வைத்து, சிமிழைத் துணிப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டி, சட்டைக்குள் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொள்வார். அதன்பின் அவர் வேறு ஆள். வழியில் பேச்சு கிடையாது. செல்போனை அணைத்துவிடுவார். எதிரே வருகிறவர் வணக்கம் சொன்னால் தலை மட்டும் லேசாக அசையும். வண்டியில் ஏறமாட்டார், நடைதான். பெலிக்ஸ் கண்டக்டர் ஆண்டவரையும் டிக்கெட் போட்டுக் கூட்டிப்போகிறார் என்று டீக்கடையில் கேலி பேசுவார்கள். பேசுகிறவர்களே அவர் தெருவில் வரும்போது பெஞ்சிலிருந்து எழுந்து நிற்பார்கள்.

போகிற வீடுகளில் ஒரு ஸ்டூலில் வெள்ளைத் துணி விரித்து மெழுகுதிரி ஏற்றி வைத்திருப்பார்கள். திரி எரிகிறது என்றால் உள்ளே ஒருவர் காத்திருக்கிறார் என்று அர்த்தம்.

போன வருஷம் தவக்காலத்தில் அம்மாவுக்குத் தொண்டையில் புற்று என்று தெரிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்தார்கள், கதிர்வீச்சு சிகிச்சையைத்தான் அப்படிச் சொல்வோம். கொஞ்ச நாள் நன்றாக இருந்தாள். பிறகு மறுபடி வளர்ந்துவிட்டது. இனி வீட்டுக்குக் கூட்டிப்போய் ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். கஞ்சித்தண்ணியே இறங்காதவளிடம் என்ன ஆசையைக் கேட்பது. எனக்கு வந்த கோபத்தை ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோக்காரரிடம் காட்டினேன். பாவம் அவர்.

நான் காரைக்குடியிலிருந்து கிளம்பி வந்து அம்மாவோடு தங்கிவிட்டேன். என் வீட்டுக்காரர் திருமுருகன் தடுக்கவில்லை, வாரம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவார். எங்கள் கல்யாணம் ரிஜிஸ்டர் ஆபீஸில் நடந்தது, கோவிலில் நடக்கவில்லை. அன்றிலிருந்து நான் நன்மை வாங்க முடியாது, அதுதான் திருச்சபைச் சட்டம். அதைச் சொல்லிக் காட்டுகிறவர் இல்லை அப்பா. ஆனால் சட்டத்தைத் தாண்டுகிறவரும் இல்லை.

அம்மா படுத்த முதல் வாரத்திலேயே ஒன்றைத் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

"என்னங்க, எல்லா வீட்டுக்கும் போய்ட்டுக் கடைசியா நம்ம வீட்டுக்கு வாங்க. கண்டக்டர் பொண்டாட்டிக்கு முன் சீட்டுன்னு ஒருத்தர் பேசக்கூடாது."

"யாரு பேசப்போறா பிரகாசி."

"பேசுவாங்க. நானே பேசிருப்பேன்."

அன்றிலிருந்து எங்கள் வீடு கடைசி. அப்பா கோவிலை விட்டுக் கிளம்பும் நேரம் அம்மாவுக்குத் தெரியும். படுக்கையில் கிடந்தபடியே அவர் கூட நடப்பாள். இப்ப திரேசம்மா வீட்டுல இருப்பாரு, அவ மருமக இன்னும் மெழுகுதிரியத் தேடிக்கிட்டு இருப்பா என்பாள். இப்ப சவரிமுத்து மாமா வீடு, அந்தாளு ஒரு பாட்டு முழுசாப் பாடாம விடமாட்டாரு என்பாள். அப்புறம் நம்ம வீடு என்று சொல்லிவிட்டு முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிடச் சொல்வாள். அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் அப்பாவின் செருப்புச் சத்தம் வாசலில் கேட்கும்.

விழுங்குவது நாளாக நாளாகக் கஷ்டமானது. முதலில் அப்பத்தைப் பாதியாக உடைத்துக் கொடுத்தார். பிறகு கால்வாசி. கடைசியில் ஒரு பொடி அளவுதான், அதையும் நாக்கில் வைத்து, எவர்சில்வர் ஸ்பூனில் தண்ணீரை எடுத்து உதட்டில் சாய்ப்பார்.

"கொஞ்சமா முழுங்கு. அவசரமில்ல."

அவள் கழுத்து ஏறி இறங்கும் வரை அவர் கண் இமைக்காது. இறங்கியதும் அவருக்கு ஒரு பெருமூச்சு வரும். மிச்சமிருக்கும் அப்பத்தை வைத்துக்கொள்ளக் கூடாது, யாராவது உட்கொண்டுவிடவேண்டும். ஒவ்வொரு தடவையும் அவர் கை ஒரு கணம் நான் நிற்கும் பக்கம் தயங்கும். அப்புறம் அவர் வாய்க்கே போய்விடும். அந்தத் தயக்கம்கூட இல்லாமல் இருந்தால் எனக்குக் குறைவாக வலித்திருக்கும்.

சாமியார் வந்து நெற்றியில் எண்ணெய் பூசி நோயில்பூசுதல் கொடுத்துவிட்டுப் போன பிறகு, அம்மாவுக்கு ஒரே ஒரு எண்ணம்தான். சாகப் போகிறவர்களுக்குக் கடைசியாகக் கொடுக்கும் நன்மைக்கு வழியுணவு என்று பெயர். தூரம் போகிறவர்கள் கையோடு எடுத்துப் போகிற சோறு மாதிரி. அதை வாங்காமல் போய்விடுவோமோ என்று பயந்தாள். வேறு எதற்கும் அவள் பயப்பட்டு நான் பார்த்ததில்லை.

"கட்டுச்சோறு இல்லாம என்னை அனுப்பிறாதீங்க" என்றாள் அப்பாவிடம், சனிக்கிழமை சாயங்காலம். குரல் காற்றாகத்தான் வந்தது.

"நான் இருக்கையில ஒனக்கென்ன. காலையில கொண்டாரேன்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது அவள் மூச்சு மாறியிருந்தது. இழுத்து, நின்று, யோசித்து, மறுபடி இழுத்தது. அப்பா வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தார். அவரை வாசலுக்குக் கூட்டிப்போனேன்.

"அப்பா, இன்னைக்கு அம்மா சொன்னதெல்லாம் பாக்காதீங்க. பூசை முடிஞ்சதும் நேரா வீட்டுக்கு வாங்க. அம்மாவுக்குக் குடுத்துட்டு அப்புறம் மத்தவங்களுக்குப் போங்க."

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் அந்த மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தார்.

"நேரா வாரேன்" என்றார்.

"எங்கயும் நிக்காம."

"நிக்காம வாரேன் அமலி."

அவர் சொன்னால் சொன்னதுதான். நான் நிம்மதியாக உள்ளே வந்து ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டேன். வெள்ளைத் துணி விரித்தேன். மெழுகுதிரியை ஏற்றினேன். தம்ளரில் தண்ணீரும் அந்த ஸ்பூனும் வைத்தேன். அம்மா திரியைப் பார்த்தாள். கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

கோவில் மணி பூசை முடிந்ததற்கு அடித்தது. கோவிலிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரே தெருதான். நேராக நடந்தால் ஒரு டீ ஆறுவதற்குள் வந்துவிடலாம்.

டீ ஆறுகிற நேரம் போய்விட்டது. வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தேன். அம்மாவின் மூச்சு நிற்கிற இடைவெளி நீண்டுகொண்டே போனது. அப்பாவின் போனுக்கு அடித்தேன், அணைத்திருந்தது. அணைத்துத்தான் இருக்கும் என்று தெரிந்தும் அடித்தேன். பக்கத்து வீட்டு ராக்காயி அக்காவைக் கூப்பிட்டேன். அவள் மாரியம்மனைத் தவிர வேறு சாமி அறியாதவள், ஆனால் அம்மாவுக்கு முப்பது வருஷச் சிநேகிதி.

"அக்கா, எங்கப்பா எங்கிட்டு இருந்தாலும் ஒடனே கூட்டிட்டு வாங்க. அம்மா இழுத்துக்கிட்டு இருக்குன்னு சொல்லுங்க."

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள்.

நான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் உதடு அசைந்தது. குனிந்து காதை வைத்தேன்.

"இப்ப... எங்க..."

அவர் கூட நடக்கிறாள் என்று புரிந்தது. எந்த வீட்டில் இருக்கிறார் என்று எனக்கே தெரியவில்லை. ஒரு பொய் சொன்னேன்.

"வந்துட்டாரும்மா. செருப்புச் சத்தம் கேக்குது. வாசல்ல கழட்டுறாரு."

அம்மா கண்ணை மூடினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் செய்வதுபோலவே தலையை லேசாக உயர்த்த முயன்றாள். முந்தானையை இழுத்து அவள் தலையில் விட்டேன். வாயைத் திறந்து, நாக்கை உதட்டு வரைக்கும் கொண்டுவந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இழுத்த மூச்சு ஒன்று வெளியே போனது. அடுத்தது வரவில்லை.

நான் அழவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் வரட்டும், கேட்கிறேன் என்று இருந்தது.

முதலில் ராக்காயி அக்கா வந்தாள். கட்டிலைப் பார்த்ததும் வாயில் துணியை வைத்துக்கொண்டாள்.

"எங்க போயிருந்தீங்க இவ்வளவு நேரம்" என்றேன்.

"சவரிமுத்து வீட்டுல இருந்தாரு ஆத்தா. நான் போகையில எல்லாரும் முட்டி போட்டு, கண்ண மூடிச் சாமி கும்புட்டுக்கிட்டு இருந்தாங்க. அந்தப் பெரியவரு அழுதுகிட்டே பாடுறாரு. சாமி கும்புடுறவங்கள நடுவுல எப்படிக் கூப்புடுறது. முடியட்டும்னு ஓரமா நின்டேன். அவரு எந்திரிச்சதும் கைய மட்டும் காட்டிட்டு முன்னால ஓடியாந்தேன்." அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "கூப்புட்டுருக்கணும். எனக்குத் தெரியாமப் போச்சே."

"சவரிமுத்து மாமா வீட்டுக்கு அவரு ஏன் போனாரு. நேரா வாரேன்னு சொன்னாரே."

"நேராத்தான் வந்துருக்காரு. திரேசம்மா மருமக சொன்னா. அவுக வீட்டத் தாண்டிப் போயிட்டாராம். மெழுகுதிரி எரியுது, அந்தம்மா கட்டில்ல இருந்து கைய நீட்டிப் 'போறாரே, ஆண்டவர் என்னைப் பாக்காமப் போறாரே'ன்னு அழுதுச்சாம். திரும்பி வந்துட்டாராம். அப்புறம் சவரிமுத்து வீட்டு வாசல்ல அந்தப் பெரியவரையே சேர்ல தூக்கிட்டு வந்து ஒக்கார வச்சிருக்காங்க, கையில திரியோட."

எனக்கு எல்லாம் கண்ணில் தெரிந்தது. கண்டக்டர் பெலிக்ஸ், ஸ்டாப்பில் கை நீட்டுகிற ஆளை விட்டுவிட்டுப் போகத் தெரியாத மனிதர். ஒருத்தரையும் விடவில்லை. கடைசி ஸ்டாப்பில் காத்திருந்தவளைத் தவிர.

"நாடி கட்டணும் ஆத்தா, வாய் மூடணும். நேரமானா மூடாது" என்றாள் ராக்காயி அக்கா, ஒரு துணியைக் கிழித்துக்கொண்டே.

"இருங்க, அவரு வரட்டும்."

அப்பா வந்தார். ஓடி வந்திருக்கவேண்டும், சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. வழியில் பேசக்கூடாது என்று ராக்காயி அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை போலிருக்கிறது. அவள் சொல்லவும் பயந்திருக்கிறாள். செருப்பைக் கழற்றினார். எரிகிற திரியைப் பார்த்தார். தலையில் முந்தானையும் திறந்த வாயுமாகக் கிடந்த அம்மாவைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதை நான் பார்த்திருக்கவே கூடாது.

நேராக முழங்கால் போட்டார். சிமிழைத் திறந்தார். அதில் ஒரே ஒரு அப்பம் இருந்தது. பொடியளவு உடைத்து, விரலில் எடுத்து, அவள் முகத்துக்கு நேரே உயர்த்தினார்.

"கிறிஸ்துவின் திரு உடல்."

ஆமென் சொல்ல அவளுக்குக் குரல் போய் நாளாகிவிட்டது. அதனால் பதிலுக்குக் காத்திராமல் அவர் கை அவள் நாக்கை நோக்கிப் போனது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா. அம்மா போயிருச்சு."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அவள் கழுத்தைப் பார்த்தார், எப்போதும் பார்ப்பதுபோல, ஏறி இறங்குகிறதா என்று. இறந்தவர்களுக்கு நன்மை கொடுக்கக் கூடாது. எனக்கே தெரியும், அவருக்குத் தெரியாதா. விரல் நுனியில் அந்தப் பொடி அப்படியே இருந்தது. வழக்கம்போல அது ஒரு கணம் என் பக்கம் தயங்கியது. நீட்டியிருந்தால் வாங்கியிருப்பேன். சண்டை போட வைத்திருந்த வார்த்தையெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஆனால் அவர் நீட்டவில்லை. பொடியையும் மிச்ச அப்பத்தையும் சேர்த்துத் தன் வாயில் வைத்துக்கொண்டார்.

அப்படியே முழங்காலில் இருந்தார். தாடை அசையவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, ஆனால் தொண்டைக்குள் ஒன்றும் இறங்கவில்லை. துப்பவும் முடியாது, அழுது வாயைத் திறக்கவும் முடியாது. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, கையால் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் என்னிடம் ஒன்று கேட்கிறார் என்று தோன்றியது.

ஸ்டூலில் இருந்த தம்ளரிலிருந்து அம்மாவின் ஸ்பூனில் தண்ணீர் எடுத்தேன். ஒரு கையால் அவர் மோவாயைத் தாங்கிக்கொண்டு உதட்டில் சாய்த்தேன்.

"கொஞ்சமா முழுங்குங்கப்பா" என்றேன். "இனிமே அவசரமில்ல."