பம்புக்கு அடியில் ஒரு டம்ளர்

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். பொய் சொன்னால் இந்தப் படகு இருந்த இடத்திலேயே மூழ்கட்டும். (நான் உட்கார்ந்து எழுதுவது அதே படகின் அறைக்குள்தான். ஆகவே இது லேசுப்பட்ட சத்தியம் இல்லை.)

கதை பிறந்தது ஒரு டம்ளரில். எங்கள் பாய்மரப் படகில், கடல்நீரை இழுத்து இஞ்சினின் சூட்டைத் தணிக்கும் பம்ப் ஒன்று இருக்கிறது. அது ஒழுக ஆரம்பித்தது. என் மனைவி அதன் அடியில் ஒரு டம்ளரை வைத்தாள். வைத்துவிட்டுச் சொன்னாள்:

"ஞாயித்துக்கிழமை தம்பி வரான். அன்னிக்கு இந்த டம்ளர்ல ஒரு சொட்டுத் தண்ணி இருந்தாலும் படகு அவனுக்கு. முப்பது வருஷமா உங்களையும் இதையும் துடைச்சுத் துடைச்சே என் கை தேஞ்சு போச்சு."

"ஒழுகறது பம்ப். நான் என்ன பண்ணினேன்?"

"வால்வைத் திறக்காம இஞ்சினை ஓட்டினது யாரு?"

(இந்த வரியை அடித்துவிடத்தான் நினைத்தேன். சத்தியம் செய்து தொலைத்துவிட்டேனே.)

2

முதல் தொடக்கம்: "கடல் அன்று கறுத்துச் சீறிக்கொண்டிரு—" இல்லை. படகு துறையில் நாலு கயிற்றில் கட்டிக் கிடந்தது. கடல் தூங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாம் தொடக்கம்: "ஸ்பானரைக் கையில் எடுத்த அவன் விழிகளில்—" விழிகளில் ஒன்றுமில்லை. கண்ணாடியைக் காணோம்.

கதவு திறந்திருப்பதால் காற்று இந்தத் தாள்களைப் புரட்டிக்கொண்டேயிருக்கிறது. மேலே கனமாக எதையாவது வைத்துவிட்டு வருகிறேன்.

வைத்தாயிற்று.

3

மச்சினன் பாத்திரம் சரியாக அமையவில்லை. படகைப் பறிக்க வருகிறவனிடம் கொஞ்சமாவது கொடூரம் வேண்டாமா? மீசை வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. அவன் பல் டாக்டர். போன தடவை வந்தபோது, "வலிச்சா சொல்லு" என்று சொல்கிறவன் மாதிரிதான் இஞ்சினைத் தொட்டான்.

(என் பயமே அதுதான். படகு அவனிடம் நன்றாக இருக்கும்.)

4

வெள்ளிக்கிழமை காலை, கடையில் வாங்கி வந்த புதுப் பம்புடன் வேலையில் இறங்கினேன். முதலில், கடல்நீர் உள்ளே வரும் வால்வை மூடினேன். இஞ்சின் சாவியை வால்வின் கைப்பிடியிலேயே மாட்டினேன். வால்வு மூடியிருப்பதை மறந்து யாரும் இஞ்சினை ஓட்டிவிடக் கூடாதென்று மனைவி போட்ட புதுச் சட்டம். 'யாரும்' என்றால் நான்.

பெல்ட்டைக் கழற்றினேன். ஹோஸ்களின் கிளிப்பைத் தளர்த்தினேன். நாலு போல்ட்டில் மூன்று மரியாதையாக வந்தன. நாலாவது அசையவில்லை. அதனிடம் ஒரு மணி நேரம் பேசினேன். குடும்ப நிலவரத்தை எடுத்துச் சொன்ன பிறகுதான் இளகியது. இளகிய வேகத்தில் கைநழுவி, இஞ்சினுக்கு அடியில் தேங்கிக் கிடந்த தண்ணீரில் விழுந்தது.

தண்ணீர் ஒரு சாண் ஆழம். யோசிக்காமல் குதித்தேன். மூச்சடக்கி வெகுநேரம் தேடி மேலே வந்தபோது கையில் அந்த போல்ட், மூன்று ஸ்பூன், காணாமல்போன என் கண்ணாடி. (ஒரு சாண் தண்ணீரில் எப்படிக் குதிப்பது என்று கேட்பவர்கள் படகு வைத்திருந்தவர்கள் அல்ல.)

பம்புக்கும் இஞ்சினுக்கும் நடுவே ஒட்டியிருந்த பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடுத்து, புதியதை ஒட்டி, புதுப் பம்பை ஏற்றி முறுக்கிக்கொண்டிருந்தேன். மேலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, பம்ப் மாத்தறீங்களா, கதை எழுதறீங்களா?"

"ரெண்டும் ஒரே வேலைதான்மா."

"அப்போ ரெண்டும் ஒழுகும்."

5

முடிவு அ: வால்வைத் திறந்து, சாவியை எடுத்து, இஞ்சினை ஓட்டுகிறேன். பின்பக்கக் குழாய் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்புகிறது. டம்ளர் காய்ந்து கிடக்கிறது. மனைவி அதைக் கழுவி அதிலேயே டீ ஊற்றித் தருகிறாள்.

முடிவு ஆ: டம்ளரில் ஒரே ஒரு சொட்டு. மச்சினன் அக்காவுக்குத் தெரியாமல் அதை விரலால் துடைத்துவிடுகிறான். (இப்படி எழுதிய பிறகு அவனுக்கு எந்த மீசையும் நிற்காது.)

முடிவு இ: டம்ளர் நிரம்பி வழிந்து, அவர் தன் படகைக் கடைசியாக ஒருமுறை— வேண்டாம்.

6

இன்று ஞாயிற்றுக்கிழமை. படகு ஒரு பக்கமாக லேசாகச் சாய்கிறது. சத்தியத்தினால் அல்ல, ஆள் ஏறியதால்.

"அத்தான், உள்ள வரலாமா? அக்கா டார்ச்சைக் குடுத்து, டம்ளரைப் பாத்துட்டு வான்னு அனுப்பினா."

"வா, வா. கடைசி வரியிலதான் இருக்கேன்."

"நீங்களே மாத்திட்டீங்களாமே, அக்கா சொன்னா."

"எழுதியே வச்சிருக்கேன்."

அவன் முட்டிபோட்டு இஞ்சின் மூடியைத் தூக்குகிறான். டார்ச் எரிகிறது. டம்ளரில் என்ன இருந்தது என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். என் மனைவியைவிட நீங்கள் இரக்கமுள்ளவர்களாகத்தான் இருப்பீர்கள்.

ஒரு தகவலை மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தாள்கள் பறக்காமலிருக்க மேலே வைத்திருக்கும் கனமான அட்டைப்பெட்டிக்குள்தான் புதுப் பம்ப் இருக்கிறது, கடைக்காரர் ஒட்டிய டேப் பிரிக்கப்படாமல்.