சம்மதம் போல ஒரு 'ம்'

1

இந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம்? சரியா, பார்க்கலாமா, தொலையா?

நூறாவது தடவையாக இதைக் கேட்டபடி இப்படி நினைக்கிறாள் இவள். (கணினியில் எலக்ட்ரானிக் நடன இசை அமைப்பவள். ஒரு பெயர் வைத்துக் கூப்பிட்டேன், திரும்பவில்லை. விட்டுவிட்டேன்.) கதை பிறந்தது என் சோம்பலில். ஒருநாள் தோழி போனில் பேசப் பேச 'ம்' கொட்டினேன். அவள் சொன்னது ஒன்றுகூட நினைவில்லை. அந்தக் குற்றவுணர்வை இவளுடைய அக்கா தலையில் கட்டிவிட்டேன்.

2

ஐந்து மாதத்துக்கு முன் அக்காவைப் போனில் கூப்பிட்டு, "வேலையை விட்டுட்டு முழுநேரமா மியூசிக்கே பண்ணட்டுமாக்கா?" என்றாள். "ம்" என்றாள் அக்கா. இவள் வேலை பார்த்த பல் டாக்டரின் வரவேற்பு மேசையிலிருந்து மறுநாளே எழுந்துவிட்டாள். போனில் பதிவாகியிருந்த அந்த 'ம்'மை வெட்டிப் பாட்டின் நடுவே வைத்தாள். தாளம் சட்டென்று நிற்கும். அது மட்டும் தனியாகக் கேட்கும். பிறகு எல்லாம் இடிபோல— (பழைய உவமை. வேறு கிடைத்தால் மாற்றுகிறேன்.)

சுருதியை ஏற்றினால் அது செல்லம், இறக்கினால் மிரட்டல். இவள் தொடவில்லை. வயலினை அழவிட்டு ஆளை உருக்குவது இவளுக்குக் கூச்சம். ஆடுகிறவர்களுக்கு அந்த ஒரு நொடி யாரோ அனுமதி தந்ததுபோல் இருந்தால் போதும்.

3

அக்கா வந்து பாட்டைக் கேட்டாள். முகம் மேகம் சூழ்ந்த— சரி, வேண்டாம்.

"ஏய், இது நான்தானே?"

"நீதான்."

"எதுக்குடி சொன்னேன்?"

சொன்னாள்.

"அடிப்பாவி! அன்னைக்கு மிக்சி ஓடிட்டிருந்துச்சு. ஒண்ணும் காதுல விழல. சும்மா 'ம்'னு வெச்சேன்."

"மிக்சியும் கேக்குதுக்கா. அதையும் தாளத்துல சேத்துட்டேன்."

அக்கா சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"காதுல விழுந்திருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். டாக்டர் இன்னும் ஆள் எடுக்கலயாம். நான் பேசறேன், திங்கக்கிழமை போ. பாட்டுலேர்ந்து இதையும் எடுத்துடு. நான் சரின்னு சொன்ன மாதிரியே இருக்கு."

4

முடிவு ஒன்று: எடுத்துவிடுகிறாள்; திங்கட்கிழமை வரவேற்பு மேசை. (அழுதுகொண்டே எழுதினேன், அழகாக வந்தது. அதனாலேயே சந்தேகம்.)

முடிவு இரண்டு: அக்கா எழுந்து ஆடுகிறாள். (முட்டிவலிக்காரி. எனக்கே நம்பிக்கையில்லை.)

எதை வேண்டுமானாலும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். இவளைத்தான் என்னால் இரண்டுக்கும் சம்மதிக்க வைக்க முடியவில்லை.

"டாக்டர்கிட்ட பேச வேணாம்க்கா," என்கிறாள். குரல் உயரவில்லை. "இதையும் எடுக்க மாட்டேன்."